தோட்டத் தமிழரும் வேளாங்கண்ணி வழிநடையும்

ஊர்திகள் பெருகிவிட்ட இக்காலத்தும், நடந்தே சென்று தொழவேண்டும் என்னும் எண்ணம் மக்களிடையே மறையவில்லை. பழனிக்கும் சபரிமலைக்கும் நடப்போரைப் போலவே, வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் கிறித்துவரும் ஆண்டுதோறும் பல்லாயிரவர். சென்னையிலிருந்து புறப்படுவோர் ஏறத்தாழ 320 கிலோமீட்டரும், திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்படுவோர் ஏறத்தாழ 150 கிலோமீட்டரும் காலால் அளந்து அக்கடற்கரையை அடைகின்றனர்.

இவ்வழிநடை தமிழ்நாட்டில் நிகழ்வது. எனினும், நெகிரி செம்பிலான் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கும்போது இதன் பொருள் தெளிவாக விளங்குகிறது. அத்தோட்டங்களில் வாழ்ந்தோர் நடக்காத நாள் இல்லை. ஆயினும் அவர்கள் நடந்தது யாத்திரை அன்று. அவ்வாறாயின், எந்த நடை யாத்திரையாகிறது? இவ்வினாவே இங்கு ஆராயத்தக்கது.

வழி கூறும் மரபு

வழி நடப்பதும், நடந்தவர் பிறருக்கு வழி கூறுவதும் தமிழிலக்கியத்துக்குப் புதியன அல்ல. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்கு வள்ளலின் ஊரையும், இடையிலுள்ள நிலங்களையும், அங்கு வாழும் மக்களையும், கிடைக்கும் உணவையும் எடுத்துக் கூறுவது அவ்விலக்கிய வகை. அவ்வைந்தனுள் திருமுருகாற்றுப்படை, வள்ளலிடமன்றி இறைவனிடமே வழிப்படுத்துகிறது.

மேலைநாட்டிலும் இதற்கு இணையான நூல் ஒன்று உண்டு. இசுபெயின் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள சந்தியாகு தெ கொம்போசுதெலா நகரில், இயேசுவின் திருத்தூதராகிய யாக்கோபின் கல்லறை உள்ளதென்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. அங்கே செல்லும் வழியை விளக்கும் நூல் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. காலிக்சுதசு ஏடு எனப்படும் தொகுதியின் ஐந்தாம் பகுதியாக அது அமைந்துள்ளது. எந்த ஆற்றின் நீர் குடிக்கத் தக்கது, எது தகாதது, எந்த ஊர் எவ்வளவு தொலைவில் உள்ளது, வழியிலுள்ள மக்களின் இயல்பு யாது என்பனவற்றையெல்லாம் அது கூறுகிறது. தமிழ் மாணவர்க்கு அதனை ஓர் ஆற்றுப்படை என்று அறிமுகப்படுத்தினால் பொருந்தும்.

தமிழ்க் கிறித்துவ இலக்கியத்தில் யாத்திரைக்கென்றே எழுந்த காப்பியம் எச். ஏ. கிருட்டிண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆகும். 1678-இல் வெளிவந்த ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி அவர் பாடிய இக்காப்பியம் 1894-இல் வெளிவந்தது. இதில் வரும் வழி நிலத்தில் உள்ள வழியன்று. உயிர் ஈடேற்றத்தை நோக்கிச் செல்லும் அகவழி. யாத்திரை செய்து புண்ணியம் ஈட்டலாம் என்னும் கருத்தைச் சீர்திருத்தச் சபையார் ஏற்கவில்லை. ஆதலின், அவர்களிடையே யாத்திரை உருவகமாயிற்று. கத்தோலிக்கரிடையேயோ அது தூசியும் வெயிலும் கொப்புளமும் உடைய வழியாகவே நிலைத்தது. வேளாங்கண்ணி வழிநடை இப்பின்னதைச் சேர்ந்தது.

பால் சுமந்த சிறுவன்

வேளாங்கண்ணித் திருத்தலத்தைப் பற்றி வழங்கும் கதைகள் மூன்று. அவற்றுள் முதலிரண்டும் நடையைப் பற்றியவை என்பது கருதத்தக்கது.

நாகப்பட்டினத்திலிருந்த செல்வர் ஒருவர்க்கு நாள்தோறும் பால் சுமந்து சென்ற சிறுவன், வழியில் ஒரு குளத்தருகே மரநிழலில் களைப்பாறினான். அங்கே கையில் குழந்தையோடு தோன்றிய பெண்மணி குழந்தைக்குப் பால் கேட்டாள், சிறுவன் கொடுத்தான். பின்னர், காலந்தாழ்ந்ததற்கும் பால் குறைந்ததற்கும் தன் எசமானரிடம் அவன் பொறுத்தருள வேண்டியபோது, குடத்தில் பால் நிறைந்து வழிந்தது என்பது முதற்கதை. நடுத்திட்டு என்னுமிடத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்த கால் ஊனமுற்ற சிறுவனிடம் அப்பெண்மணி மோர் வாங்கிக் குழந்தைக்குக் கொடுத்தாள்; நாகப்பட்டினத்துச் செல்வர் ஒருவரிடம் சென்று தனக்கொரு கோயில் எழுப்பச் சொல்லும்படி பணித்தாள்; எழுந்தவன் தன்னால் நடக்க முடிவதைக் கண்டு ஓடினான் என்பது இரண்டாவது. புயலிற் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் மரியன்னையின் பிறந்தநாளாகிய செப்டம்பர் 8-ஆம் நாள் அங்கே கரைசேர்ந்து, தாம் நேர்ந்துகொண்டவாறு கோயில் எழுப்பினர் என்பது மூன்றாவது.

இவை 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்தனவாகத் தலமரபு கூறும். வேளாங்கண்ணி 1771-இல் தனிப் பங்காயிற்று. 1962-இல் போப்பாண்டவர் 23-ஆம் யோவானால் பசிலிக்கா என்னும் சிறப்பு நிலை பெற்றது. வரலாற்றாசிரியர் இக்கதைகளை எவ்வாறு மதிப்பிட்டாலும், அவற்றில் வரும் மாந்தர் யார் என்பது மறக்கத்தக்கதன்று. பிறருக்குரிய பாலைச் சுமந்து, குறித்த நேரத்தில் குறித்த அளவோடு ஒப்படைக்க வேண்டிய ஏவலாள் ஒருவன்; நடக்க இயலாத சிறு வணிகன் ஒருவன். இவர்கள் சென்ற நாகப்பட்டின வழியே இன்றும் யாத்திரிகர் வந்தடையும் வழியின் கடைசிப் பகுதியாக உள்ளது.

வழியும் வழிநடையும்

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்தோடு தொடங்கிச் செப்டம்பர் 8-ஆம் நாள் நிறைவுறுகிறது. கொடியேற்றத்துக்கோ திருநாளுக்கோ சென்று சேருமாறு நாளெண்ணிப் புறப்படுவர். நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் நடப்போர் சென்னையிலிருந்து எட்டு முதல் பத்து நாளில் போய்ச் சேரலாம். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன.

புறப்படுமுன் சிலர் நோன்பிருப்பர். காவியுடை அணிந்து, கழுத்தில் செபமாலை தரித்துக்கொள்வர். சிறு வண்டியிலோ தள்ளு தேரிலோ மாதாவின் திருவுருவத்தை வைத்து மலராலும் விளக்காலும் அணிசெய்து முன்னே செலுத்துவர். பலர் செருப்பின்றி நடப்பர். நண்பகலில் தார்ச்சாலை கொதிக்குமாதலால், விடியற்காலத்துக்கு முன்னரே எழுந்து நடந்து, வெயில் ஏறியதும் கோயில்களிலும் பள்ளிகளிலும் மரநிழலிலும் தங்கி, மாலையில் மீண்டும் நடப்பது வழக்கம். இரவில் விரைந்து வரும் ஊர்திகளே இவ்வழியின் பேரிடர். விபத்துகளில் உயிரிழந்தோரும் உண்டு. காலில் கொப்புளம் எழுவது மூன்றாம் நாளில் தொடங்கிவிடும். ஒருவர் பின்தங்கினால் கூட்டம் நின்று காத்திருக்கும். செபமாலைச் செபத்தை ஒருவர் தொடங்கப் பிறர் முடிப்பதால், நடையும் செபமும் ஒரே தாளத்தில் செல்லும்.

வழியிலுள்ள ஊர்மக்கள் தண்ணீர், மோர், சோறு கொடுத்து உதவுவர். கொடுப்போர் அனைவரும் கிறித்துவர் அல்லர். சிதம்பரத்தின் கோபுரங்களையும் நாகூர் தர்காவின் மனோராக்களையும் கண்டுகொண்டே செல்லும் இவ்வழியில், வழிப்போக்கனுக்கு நீர் கொடுப்பது எல்லாச் சமயத்தார்க்கும் அறம். காவியும், நோன்பும், முடியிறக்கலும், தேரும், கொடியேற்றமும் தமிழகத்தின் பொது வழக்குகளே. கிறித்துவர் அவற்றைத் தம் நம்பிக்கைக்கு ஏற்ப மேற்கொண்டனர். வந்து சேர்ந்த பின்னரும் சிலர்க்கு நடை முடிவதில்லை. கோயிலிலிருந்து மாதா குளம் வரையுள்ள மணற்பாதையை முழந்தாளிட்டே கடப்பர்.

சந்தியாகு வழியில் யாத்திரிகர்க்கு முத்திரையேடு ஒன்று உண்டு. தங்கும் இடந்தோறும் அதில் முத்திரை பெற்று, கடைசி 100 கிலோமீட்டரையேனும் நடந்து முடித்ததைக் காட்டினால் இலத்தீன் மொழியிலமைந்த சான்றிதழ் கிடைக்கும். வேளாங்கண்ணி வழியில் அத்தகைய முத்திரையேடு இல்லை. நேர்ந்துகொண்டவனும் அவனுடைய மாதாவுமே சாட்சி.

துன்ப வழி யாத்திரையாதல்

ஈழத்தில் மன்னார்ப் பகுதியிலுள்ள மடுத் திருத்தலம் இவ்வினாவுக்கு மற்றோர் ஒளி தருகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670-ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த இருபது குடும்பத்தார் மாதாவின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு காட்டு வழியே நடந்து மருதமடுவில் அடைக்கலம் புகுந்தனர் என்பது மரபு. அது அச்சத்தால் நடந்த நடை. பின்வந்த தலைமுறையினர் ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும், அதாவது சூலை 2-ஆம் நாளுக்கும் ஆகஸ்டு 15-ஆம் நாளுக்கும், அதே வன்னிக் காட்டினூடே தாமே விரும்பி நடந்தனர். ஓடியவர்களின் வழி தொழுவோரின் வழியாயிற்று. 2008-ஆம் ஆண்டு ஏப்பிரலில், போரின் நடுவே, அத்திருவுருவம் மீண்டும் அவ்விடம் விட்டுப் பெயர்ந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பி வந்தது.

வழி ஒன்றே, நடையும் ஒன்றே. கட்டாயத்தால் நடந்தபோது அது ஓட்டம். மனமுவந்து நடந்தபோது அது யாத்திரை. இவ்வேறுபாட்டை உளங்கொண்டு நெகிரி செம்பிலான் தோட்டங்களைக் காணவேண்டும்.

தோட்டத்தில் நடந்த நடை

சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891-இல் இரயில் பாதை திறக்கப்பட்டது. காப்பியும் பின்னர் இரப்பரும் பயிரான அப்பகுதிக்கும், அம்மாநிலத்தின் பிற பகுதிகளுக்கும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. கங்காணிகள் தத்தம் ஊர்களிலிருந்து ஆள்சேர்த்து வந்தனர். 1938-இல் இந்திய அரசாங்கம் இவ்வாறு உதவி பெற்றுச் செல்லும் குடியேற்றத்தைத் தடைசெய்தது.

அத்தொழிலாளர் கப்பலேறிய துறைமுகங்களுள் முதன்மையானது நாகப்பட்டினம். வேளாங்கண்ணிக்கு அங்கிருந்து 12 கிலோமீட்டர் தொலைவே. பால் சுமந்த சிறுவன் நடந்து சேர்ந்ததாகக் கதை கூறும் அதே நாகப்பட்டினத்திலிருந்துதான் கங்காணியின் பின்னே வந்த மக்கள் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்காமுக்கும் கப்பலேறினர். 1926-இல் கட்டப்பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘இரசுலா’ கப்பல் நின்று சென்ற துறைமுகங்களுள் அதுவும் ஒன்று. கத்தோலிக்கத் தொழிலாளர்க்கு, தாய்நாட்டு மண்ணில் கடைசியாக அருகிலிருந்த பெருங்கோயில் வேளாங்கண்ணியே.

தோட்டத்தில் அவர்கள் எவ்வளவு நடந்தனர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் கணக்கிட்டறியலாம். பால்வெட்டும் ஒருவரின் நிரையில் 400 மரங்கள் என்றும், மரத்துக்கு மரம் 20 அடி என்றும் கொள்க. ஒரு சுற்றுக்கு 8,000 அடி. அதாவது ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர். வெட்டுவதற்கு ஒரு சுற்று, மங்கிலிருந்து பாலை வாளியில் சேர்ப்பதற்கு மற்றொரு சுற்று. ஆக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஆண்டில் 250 நாள் வேலை எனின் 1,200 கிலோமீட்டருக்குக் குறையாது. சென்னை–வேளாங்கண்ணித் தொலைவைப் போல இது ஏறத்தாழ நான்கு மடங்கு. லயத்திலிருந்து நிரைக்குச் சென்ற தொலைவும், மேடு பள்ளமும், தோளில் சுமந்த பாலின் எடையும் இக்கணக்கில் சேரவில்லை.

வேளாங்கண்ணிக்கு நடப்பவனைப் போலவே தோட்டத் தொழிலாளியும் விடியுமுன் எழுந்தான், இருளில் நடந்தான், பால் சுமந்தான். முதற்கதையின் சிறுவனைப் போலவே, சுமந்த பாலுக்கு அளவு காட்டினான். குறைந்தால் கிராணிக்கு விடை சொல்ல வேண்டும். ஆனால் அங்கே குடம் நிறைந்து வழியவில்லை. எத்துணை ஆண்டு நடந்தாலும் அவ்வழி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. ஏனெனில் அந்நடையைத் தொடங்கி வைத்தது அவன் மனமன்று; பிரட்டு.

இதனினும் கொடிய நடையும் இருந்தது. சப்பானியர் ஆட்சியில், 1942–43 ஆண்டுகளில், சயாம்–பர்மா இரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். காடும் நோயும் பசியும் அவர்களைத் தின்றன. திரும்பாதவர் மிகப் பலர். அந்த வழிக்கு முடிவில் தொழத்தக்க கோயில் எதுவும் இல்லை.

நேர்ச்சை கடல் கடந்த விதம்

தோட்டத்துக் கத்தோலிக்கர் நோயிலும் பேறுகாலத்திலும் மாதாவுக்கு நேர்ந்துகொண்டால், அதனைச் செலுத்த வேண்டிய இடம் கடலுக்கு அப்பால் இருந்தது. தினக்கூலி பெறுபவர்க்கு வேலைக்கு வராத நாளில் கூலி இல்லை. கப்பற் கட்டணமும் வேண்டும். ஆகவே, நேர்ச்சை ஆண்டுக்கணக்கில் கடனாக நின்றது. ஊருக்குப் போகும் நாளே அதனைத் தீர்க்கும் நாள். நடந்து செல்வது ஏழையின் நேர்ச்சை. பொன்னும் வெள்ளியும் இல்லாதவன் தன் காலையும் தன் நாட்களையும் காணிக்கையாக்குகிறான். தோட்டத்துத் தொழிலாளிக்கு அந்நாட்களே தன்னுடையவையாக இல்லை. வேளாங்கண்ணிக்கு நடப்பதிலுள்ள அருமையை அவனைப்போல் அறியத்தக்கவர் வேறு யார்?

இந்நிலையில் நேர்ச்சை வேறு வடிவங்களை நாடியது. வடக்கே புக்கிட் மெர்த்தாசத்திலுள்ள புனித அன்னம்மாள் திருத்தலம் மலேசியக் கத்தோலிக்கர் பலரும் கூடும் இடமாயிற்று. சிரம்பானை வடக்கே பிறையோடு இணைத்த இரயில் பாதை 1903-இல் நிறைவெய்தியது. நெகிரி செம்பிலானிலிருந்து அங்கே செல்வோர்க்கு அப்பாதை வழிகோலியது. சூலை 26-ஆம் நாள் திருவிழாவையொட்டி மக்கள் மெழுகுவத்தி ஏந்தி நடக்கும் பவனி, தொலைவில் குறுகியதாயினும் பொருளில் யாத்திரையே. அவ்வாறே, மலேசியத் தமிழ்ப் பங்குகளில் செப்டம்பர்த் திங்களில் வேளாங்கண்ணி மாதாவுக்குக் கொடியேற்றி, நவநாள் நடத்தி, தேரிழுத்து வருவதும் அந்த நெடுவழியின் சுருக்கமே எனலாம். கோயிலுக்குச் சென்று சேர இயலாதவரிடம் தேர் வந்து சேர்கிறது.

சிரம்பான் நகரத்துப் பழைய கத்தோலிக்க ஆலயத்தின் பெயரும் இங்கு நினைக்கத்தக்கது. அது ‘விசிட்டேஷன்’ ஆலயம். மரியன்னை எலிசபெத்தைச் சந்திக்கச் சென்ற நிகழ்ச்சியின் பெயர் தாங்கியது. கருவுற்றிருந்த மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து சென்று, முதுமையில் கருவுற்ற தன் உறவினளுக்குத் துணையிருந்ததை லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம் கூறுகிறது. அவளைப் போகுமாறு எவரும் பணித்ததாக அங்கே இல்லை. ஒருவர் தாமே எழுந்து பிறர்பொருட்டு மேற்கொண்ட அவ்வழிச்செலவின் பெயரை, பிரட்டுக்கு எழுந்து நடந்த மக்கள் வாழ்ந்த ஒரு மாநிலத்தின் தலைநகர் ஆலயம் தாங்கி நிற்கிறது.

இரு சொற்கள்

இன்று அத்தோட்டங்கள் பல பழைய நிலையில் இல்லை. இரப்பர் இருந்த இடங்களில் எண்ணெய்ப்பனை வந்தது. சிரம்பான், நீலாய் சுற்றுப்புறங்களில் தோட்ட நிலங்கள் பல குடியிருப்புகளாயின. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். கோலாலம்பூரில் வானூர்தி ஏறுவோர் சில மணி நேரத்தில் திருச்சிராப்பள்ளியை அடைந்து, அன்றே வேளாங்கண்ணிக்குச் சென்றுவிடலாம். பாட்டன் செலுத்த இயலாத நேர்ச்சையைப் பேரன் ஒரு விடுமுறையில் செலுத்தக்கூடும். தோட்டம் கலைந்தபோது கலையக்கூடியவை லயங்களும் சிற்றாலயங்களும் மட்டுமல்ல. அங்கு வழங்கிய சொற்களும், அவை சுமந்த வாழ்க்கை நினைவும் கலையும். அவற்றைக் காக்கத் தமிழாசிரியரால் இயலும்.

அத்தகைய சொற்களுள் இரண்டைச் சான்றாகக் கொள்ளலாம். ஒன்று பிரட்டு; அணிவகுப்பைக் குறிக்கும் பரேடு என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். மற்றொன்று நேர்ச்சை. நேர்தல் என்பதற்கு உடன்படுதல், கொடுத்தல் என்பன பொருள். முன்னது பிறர் கூப்பிட வந்து நிற்பதைக் குறிக்கிறது. பின்னது தானே உடன்பட்டுக் கொடுப்பதைக் குறிக்கிறது. இரண்டுக்கும் விடியுமுன் எழவேண்டும். இரண்டிலும் கால் நோகும். தொலைவாலோ துன்பத்தாலோ ஒரு நடை யாத்திரையாவதில்லை. அவ்வாறு ஆகுமெனின், நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரை விஞ்சிய யாத்திரிகர் இருந்திருக்க முடியாது. நடப்பவன் தானே நேர்ந்து எடுத்துவைக்கும் முதல் அடியே அதனை யாத்திரையாக்குகிறது. வகுப்பில் ஆற்றுப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர், தோட்டத்தில் வாழ்ந்த முதியோரிடம் அவர்கள் நேர்ந்துகொண்டவை எவை, அவற்றை எங்கே எவ்வாறு செலுத்தினர் என்று மாணவரைக் கேட்டு எழுதிவரச் செய்வாராயின், இதுவரை எவரும் எழுதாத ஆற்றுப்படை ஒன்று மெல்ல உருவாகும்.